மூன்று சிலிண்டரில்

காலை நாலரைக்கு வண்டி இருமியது.
நாலு சிலிண்டரில் மூன்றுதான் வேலைக்கு வந்திருந்தன.
இடப்பக்க விளக்கு செத்துக் கிடந்தது.
ஆரஞ்சு எச்சரிக்கை மட்டும்
விருந்துக்கு ஒரு மணிநேரம் முன்பே வந்துவிட்டவர் போல
கூசாமல் எரிந்தது.

பேக்கரிக்குப் போன் செய்தேன்:
மிலோய்கா இன்று வரமாட்டாள்,
மாவை விங்கோ பிசையட்டும்.

பானெட்டைத் தூக்கினால், குனாவின் கைவரிசை.
கழுத்தில் வெள்ளைத் துண்டோடு
பந்திக்கு முந்துகிற மரநாய்.
தோல்மினில் இலை உதிர்ந்து முடிந்ததும்
சரிவிலிருந்து இறங்கிவந்து
சூடு ஆறாத எஞ்சின்மேல் படுத்துக்கொள்ளும்.
படுத்தால் படுக்கட்டும்.
வயரில் அப்படி என்ன ருசி?

ஐந்து வயர்கள்.
கடித்த இடத்தில் செம்பிழைகள்
தேய்ந்த பல்துலக்கி போல விரிந்து நின்றன.
மெக்கானிக் முந்நூற்றைம்பது யூரோ கேட்டான்,
அதுவும் அடுத்த வியாழன்.

எந்த வீட்டிலும் கிடைக்காத பத்தாம் நம்பர் ஸ்பேனர்
உருளைக்கிழங்குக் கூடையில் இருந்தது.
பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றினேன்.
வரைபடம் மஞ்சள் என்கிறது, பச்சை என்கிறது.
பதினெட்டு வருடத்தில் எல்லாமே ஒரே நிறம்,
சேற்றின் நிறம்.
மீட்டரின் ஒரு முனை இங்கே, மறுமுனை அங்கே.
பீப் என்றால் உறவு.
சத்தமில்லை என்றால் வேறு யாரோ.
இப்படி ஒரு கருவி இல்லாமல்தான்
பதினோரு வருடம் குடும்பம் நடத்தினேன்.

முதல் இணைப்பு.
தோலுரித்து, இழையோடு இழை கோத்து,
சூட்டுக்கோலை வைத்தேன்.
ஈயம் ஒரு கணம் வெள்ளியாக ஓடி நின்றது.
ஊதினேன். அழகு.
அப்புறம்தான் பார்த்தேன்,
முதலிலேயே மாட்டியிருக்க வேண்டிய சுருக்குக் குழாய்
பம்பர்மேல் கிடந்தது.

வெட்டினேன். மறுபடியும்.
ஒவ்வொரு மறதிக்கும் வயர் ஒரு விரற்கடை குறைகிறது.
மூன்றாவது வயர் எட்டவே இல்லை.
படுக்கையறை விளக்கின் வயரில்
ஒரு சாண் அறுத்துக் கொடுத்தேன்.
படித்தது போதும்.

ஐந்தாவது எங்கேயோ ஆழத்தில்.
மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
முட்டை ஓடுகள், நான்கோ ஐந்தோ.
நடுவில் உடையாமல் ஒன்று.
பச்சை.

இந்தத் தெருவில் பச்சை முட்டை இடுவது
ஸ்ரெச்கோவின் கோழிகள் மட்டும்.
ஜூனிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.
என் பூனை திருடுகிறதாம்.
மணி கட்டு என்றார்.
யார் கட்டுவது என்ற பழைய கேள்வியெல்லாம் கேட்காமல்
நானே கட்டினேன்.
மணிச்சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார்.

கையுறையில் முட்டையை ஏந்திக்கொண்டு
வேலிக்குப் போனேன்.
பேச வேண்டியதை எல்லாம் வழியில் தயார் செய்தேன்,
எதையும் பேசவில்லை.
அவர் முட்டையைப் பார்த்தார்.
என் கைக் கரியைப் பார்த்தார்.
உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது தோளில் ஒரு சுருள் கோழிவலை.
'வண்டிக்கு அடியில் விரி.
அதற்குக் கம்பியில் கால்வைக்கப் பிடிக்காது.'

பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.
வயரைத் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்தார்,
பாதி நேரம் என் கண்ணில்.
'குழாயை மாட்டினாயா?'
மாட்டியிருக்கவில்லை.
மாட்டினேன்.

சாவியைத் திருப்பினேன்.
நான்கும் வந்துவிட்டன, குரல் பிசகாமல்.
ஸ்ரெச்கோ முன்னால் போய்க் குனிந்து பார்த்தார்.
இடப்பக்கம் அப்படியே இருட்டு.
பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டினார்.
உள்ளே இழை அறுந்து கிணுகிணுத்தது.
ஒரு பல்பு. ஏழு யூரோ.
மரநாய்க்கு அதில் சம்பந்தமே இல்லை.

சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை.
பூனை பின் டயரில் உரசிக்கொண்டு வந்தது,
மணி ஒலிக்க.
அவர் என் கையிலிருந்த இடுக்கியை வாங்கினார்,
சிரமப்பட்டு முழங்காலிட்டார்,
பட்டையை நறுக்கினார்.

மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
முட்டையை எடுத்துப்போகவில்லை.